எச்.ஐ.வி மாத்திரையும் இனிப்புநீரும்

இனிப்புநீர் (நீரிழிவு) சோதனைக்கு ரத்தம் எடுக்கும் முந்தைய இரவு 10 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். எச்.ஐ.வி மாத்திரையை நிறுத்தாமல் வழக்கமான நேரத்தில் போடுங்கள். காலையில் சும்மா ஒரு தே தாரிக் குடித்தாலும் கணக்கு தப்பிவிடும். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 7.0 mmol/L எட்டினால் மறுபரிசோதனை கேளுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யை மட்டும் நம்பவேண்டாம். அபாக்காவிர் என்ற எச்.ஐ.வி மருந்து எடுப்போருக்கு அது குறைத்துக் காட்டக்கூடும்.

டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்து, இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபோர்மின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் மெட்ஃபோர்மின் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள். ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி மருந்தோடு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது: தசை சிதைந்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வேறு கிளினிக் போனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள், கூச்சம் வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள்: ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டருக்குள். பினாங்கு நாசி கண்டார் சோற்றில், குழம்பை மூழ்க ஊற்றும் ‘பஞ்சிர்’ மட்டும் கேட்காதீர்கள். எண்ணெய் முழுக்க அந்தக் குழம்பில்தான்.