சிங்கப்பூர்ப் படகுத்துறைகளில் தூண்டில் போட விரும்புவோருக்கு

சிங்கப்பூரில் பொழுதுபோக்காக மீன்பிடிக்க உரிமம் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால், அதனால் தண்ணீர் தென்படும் இடத்திலெல்லாம் தூண்டிலை இறக்கிவிடலாம் என்று ஆகிவிடாது. கடலோரப் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் அனுமதித்த இடங்களில் மட்டுமே மீன்பிடிக்கலாம். நீர்த்தேக்கங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருப்பவை. அங்கும் குறிப்பிட்ட பகுதிகளில்தான் அனுமதி உண்டு, அதுவும் செயற்கை இரைக்கு மட்டும். இறாலையோ புழுவையோ கோத்துப் பழகியவர்களுக்கு, ஆகவே, கடலை நோக்கி நீண்டிருக்கும் பொதுப் படகுத்துறைகளே ஏற்றவை. காலடியிலேயே ஆழம் இருப்பதால் தொலைவுக்கு வீசத் தெரியாதவரும் அங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

இவற்றில் பெயர்பெற்றது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள பிடோக் படகுத்துறை. 1966இல் பழைய இரும்பு வணிகர் ஒருவர் தம் சரக்குகளை இறக்குவதற்காகக் கட்டிய இந்தத் துறை ஏறத்தாழ 250 மீட்டர் நீளமுடையது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் பேஷோர் நிலையம் 2024 ஜூனில் திறந்த பிறகு, கார் இல்லாதவர்களும் அங்கிருந்து நடந்தே பூங்காவுக்கு வந்துவிடலாம். வடக்கே ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட், செம்பவாங் பூங்கா, பொங்கோல் பாயிண்ட் ஆகிய துறைகள் உள்ளன. பொங்கோலுக்கு 84ஆம் எண் பேருந்தும், செம்பவாங்குக்கு 882ஆம் எண் பேருந்தும் செல்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வடக்குத் துறைகளைத்தான், ஏனெனில் அங்கே அலை குறைவு. பெரிய மீனை எதிர்பார்ப்பவர்கள் பிடோக்கையே விரும்புவார்கள்.

கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் மூடல் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துறைகள் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடப்படுவதுண்டு. பிடோக் துறையே 2024 அக்டோபரில் கப்பல் ஒன்று மோதிச் சேதமடைந்ததால் மூடப்பட்டது. துறை திறந்திருந்தாலும் நுழைவாயிலில் உள்ள பலகையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது, ஏனெனில் ஒரே பூங்காவுக்குள் ஓரிடத்தில் அனுமதியும் அடுத்த இடத்தில் தடையும் இருக்கக்கூடும்.

புதிதாக வருபவர்கள் எந்தத் துறை நல்லது என்றே கேட்கிறார்கள். என் கணிப்பில் அதைவிட முக்கியமான கேள்வி, எந்த நேரத்தில் போவது என்பதுதான். சிங்கப்பூர்க் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டரை நெருங்கும், நீரோட்டமும் அதற்கேற்ப வேகமெடுக்கும். அப்போது இரையை அடியில் நிறுத்தும் ஈயக்குண்டு சிறியதாக இருந்தால் கடலடித் தரையில் நிற்காது. தூண்டில் நரம்பு பக்கவாட்டில் இழுபட்டுப் போய்ப் பக்கத்தில் இருப்பவரின் நரம்போடு பின்னிக்கொள்ளும், அல்லது தூண்களில் சுற்றி அறுந்துபோகும். நீர் அசையாமல் நிற்கும் வேளையில் மீன்கள் பெரும்பாலும் இரையைத் தொடுவதில்லை. ஆகவே, நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத் தூண்டிலை இறக்கும்படியாகவும், உச்சம் தொட்டுத் திரும்பும் வேளையிலும் அங்கே இருக்கும்படியாகவும் நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரம் அந்தியிலோ விடியலிலோ அமைந்தால் இன்னும் நல்லது.

கருவிகளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். இரண்டு மீட்டரை ஒட்டிய ஒரு தூண்டில் கோல், நரம்பைச் சுற்றிவைக்க நடுத்தர அளவில் ஒரு ரீல், பல எடைகளில் ஈயக்குண்டுகள், சில தூண்டில் முட்கள், சந்தையில் வாங்கிய இறால் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். துறையில் வழக்கமாக வருபவர்கள் முதலில் பிடிப்பது இரைக்கான மீனை. சிறு சிறு முட்களில் பளபளக்கும் இழைகள் கட்டிய சபிக்கி என்னும் சரத்தை விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் இறக்கி மெல்ல ஏற்றி இறக்கினால், தம்பான் என்று இங்கே அழைக்கப்படும் சாளை வகை மீன்கள் ஒரே இழுப்பில் மூன்று நான்காக வெள்ளித் தகடுபோல் துடித்துக்கொண்டு மேலே வரும். அவற்றில் ஒன்றை உயிரோடு முள்ளில் கோத்து மிதவையோடு விட்டுவிட்டுப் பாறை மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் காத்திருப்பார்கள். அப்படி விட்ட கோலை ஒரு கயிற்றால் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிடுங்கள், ரீலின் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். இல்லையென்றால் பெரிய மீன் கடித்த மறுநொடி கோல் கடலுக்குள் போய்விடும். பெரிய மீனை நரம்பாலேயே தூக்க முயல்வதும் வீண், அது பாதி உயரத்தில் அறுந்துவிடும். கயிற்றில் கட்டி இறக்கும் வட்ட வலை யாரிடமாவது இருக்கும். குரல் கொடுத்தால் தம் தூண்டிலை விட்டுவிட்டு ஓடிவந்து வலை பிடிப்பவர்கள் அங்கே எப்போதும் உண்டு.

அதே துறையில் சைக்கிளில் வருபவர்களும் சிறுவர்களும் நடமாடுவார்கள் என்பதால், தலைக்கு மேல் சுழற்றி வீசுவதைத் தவிர்த்து, கோலைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கீழிருந்து வீசுவதே முறை. வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பது கட்டாயம். அடுத்தவருக்கு இரண்டு மூன்று மீட்டர் இடம் விட்டு, உங்களுக்கு நேர் எதிரே மட்டும் வீசினால் சச்சரவுக்கே இடமிருக்காது.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று திடீரென்று மழையையும் மின்னலையும் கொண்டுவரும். திறந்த துறையில் கார்பன் கோலைக் கையில் பிடித்து நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதால், முதல் இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். திருக்கையின் வாலிலும், செம்பிலாங் எனப்படும் கடற்கெளிற்றின் துடுப்புகளிலும் நச்சு முள் உண்டு. அவை மாட்டினால் கையால் தொடாமல் நரம்பை வெட்டி விட்டுவிடுவதே மேல். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை மூழ்க வைத்திருந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

சமைக்கப்போகும் மீனை மட்டும் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், குஞ்சுகளையும் சினை மீன்களையும் திரும்ப விட்டுவிடுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும், ஏனெனில் கடலில் விழுந்தால் அவை பறவைகளின் காலிலும் ஆமைகளின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். மீனை அங்குள்ள இருக்கைகளில் வைத்து அறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யுங்கள். ரீலையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்காவிட்டால், உப்பு ஏறி அடுத்த முறை அது சுற்றாது.