மணற்காட்டில் வாகனம் இறக்குமுன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுப் பொடியளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து மணற்காட்டுக் கடற்கரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பழகிய காலத்தில் நாங்கள் எல்லாரும் செய்தவைதான். டீசல் போதுமா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, துணைக்கு இன்னொரு வாகனம் வருகிறதா என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரயரில் காற்றை இறக்காமல் மணலுக்குள் போவது

எத்தனை தரம் சொன்னாலும் இதைக் கேட்கிறார்கள் இல்லை. எனக்கு இன்னமும் கோபம் வருவது இதில்தான்.

போன பயணத்தில் ஒரு தம்பி நல்ல டபிள் கப் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பருத்தித்துறை – மருதங்கேணி வீதியை விட்டு இறங்கியதும் எல்லாரும் குந்தியிருந்து காற்றை இறக்கினோம். அவர் மாட்டேன் என்றார். "அண்ணை, ரயர் புதுசு. காத்து இறக்கினா பக்கம் வெடிச்சுப்போம். ஃபோர் வீல் இருக்குத்தானே, ஏறும்." சவுக்கங்காடு தாண்டும் வரை ஏறியது. முதலாவது மணல் மேட்டின் பாதியில் பின்சக்கரம் புதைந்தது. அந்த இடத்தில் காலை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. அவர் எக்சிலேற்றரை இன்னும் மிதித்தார். மணல் வாரி இறைத்தது, கிளச் கருகும் மணம் வந்தது, அரை நிமிடத்தில் வாகனத்தின் வயிறு மணலில் படிந்துவிட்டது. நாலு சக்கரமும் சும்மா சுற்றின.

நல்ல வெயிலுக்குள் மண்வெட்டியால் வயிற்றுக்கு அடியிலிருந்த மணலைத் தோண்டி எடுத்தோம். பிறகு ரயர்களின் காற்றழுத்தத்தை 16 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்தடியில் பனை மட்டை கொடுத்து, வந்த தடத்திலேயே 'லோ' கியரில் பின்னுக்கு எடுத்தோம். ஒரே தரத்தில் வந்தது. முதலிலேயே இறக்கியிருந்தால் இவ்வளவும் தேவையே இல்லை. கிளச் தட்டு புதிதாகப் போட வேண்டி வந்தது. அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விஷயம் இதுதான். தார் வீதிக்கென்று 32 பிஎஸ்ஐ வைத்த ரயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். 18 அளவுக்குக் குறைத்தால் ரயர் நிலத்தில் படுகிற இடம் நீளும். அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளத்தில்தான் பெரிய வித்தியாசம். பாரம் பரவுவதால் சக்கரம் தோண்டாமல் மேலால் போகும். பக்கம் கொஞ்சம் பிதுங்கித் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் காற்று குறைந்த ரயரோடு வேகமாகப் போகவோ சடாரென்று வெட்டித் திருப்பவோ கூடாது; ரயர் றிம்மிலிருந்து கழன்றுவிடும். அளவு மீட்டர் இல்லாமல் கண்மதிப்பில் இறக்காதீர்கள்.

காற்றை இறக்குகிற ஆள் திரும்ப அடிக்கவும் வழி வைத்திருக்க வேண்டும். பற்றறியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். 18 பிஎஸ்ஐயோடு தார் வீதியில் வீடு வரை ஓடினால் ரயர் சூடேறி உண்மையாகவே வெடிக்கும். அந்தத் தம்பி பயந்தது அங்கேதான் நடக்கும், மணலில் அல்ல.

இன்னொன்று, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான மணல் காய்ந்து பொலபொலத்துப் போயிருக்கும். விடியற்காலையில் பனி ஈரத்தோடு இறுகியிருந்த அதே மேடு, பன்னிரண்டு மணிக்கு வேறு மேடு. காலையில் ஏறினோமே என்று நம்பிப் போகாதீர்கள்.

ஹப்பை லொக் பண்ண மறப்பது

பழைய ஜீப்புகளில் இறங்கி முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைக் கையால் திருப்ப வேண்டும். உள்ளே கியர்க் கம்பியை மட்டும் இழுத்தால் முன்சக்கரத்துக்கு இழுவை போகாது.

தார் வீதியில் ஃபோர் வீல்

வேண்டாம். கியர்ப் பெட்டி இறுகும்.

கயிற்றை இழுவைக் குண்டில் மாட்டுவது

ட்ரெயிலர் கொளுவுகிற அந்தக் குண்டு, புதைந்த வாகனத்தை இழுக்க அல்ல. பாரம் தாங்காமல் முறிந்தால் கயிற்றோடு சேர்ந்து பறந்து வரும், ஆளைக் கொல்லும். சசியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். பார்க்க நிற்பவர்களைத் தூரப் போகச் சொல்லுங்கள், போகாவிட்டால் இழுக்காதீர்கள்.

காய்ந்த களப்பு

கடலேரி காய்ந்த இடம் மேலே வெள்ளையாக வெடித்துக் கிடக்கும், உள்ளே கறுப்புச் சேறு. நடந்து பார்த்து, குதிக்கால் இறங்கினால் வாகனத்தை விடாதீர்கள்.

மண்டையோட்டுப் பலகை

கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியாகப் போர்க்கால முன்னரங்கு ஓடியது. மிதிவெடிப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் பழகிய தடத்தை விட்டு விலக வேண்டாம்.

சுண்டிக்குளம்

2015இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

அடம்பன் கொடிக்கு மேலால் ஓடுவது

மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். ஒரு தரம் அறுத்துவிட்டால் காற்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும். அதே போல, கரைவலைக் கயிறு கிடந்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். அது மீனவர்களுடைய அன்றாடச் சோறு. நாங்கள் புதைந்து நிற்கும்போது உழவு மெசினைக் கொண்டுவந்து இழுத்துவிடுகிறவர்களும் அவர்கள்தான்.

கழுவாமல் நிறுத்துவது

கடற்கரையிலிருந்து வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். சசியின் மடிப்புகளுக்குள்ளும் பிறேக் பக்கமும் உப்பு மணல் நிற்கும், அங்கே தண்ணீரை நல்லாய் அடியுங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. வீட்டுக் கிணறு உவரென்றால், நல்ல தண்ணீர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள்.