பாபநாசம் சிவன் பாட்டு என்று பட்டியல் போடுமுன்

பழைய பாட்டு சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார்கள். நானும் உட்கார்ந்தேன். கீர்த்தனையும் பழைய படப் பாட்டும் எழுதிய பாபநாசம் சிவனின் பாடல்களில் இசைத்தட்டாக வந்தவை எவை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்து, முதல் இரண்டு பக்கத்திலேயே பாதியை அடிக்க வேண்டியதாயிற்று. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்துத் தட்டின் லேபிளில் பாடியவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், எண் இருக்கும். பாட்டை எழுதியவர் பெயர் பல தட்டுகளில் இருக்காது. அந்தக் காலி இடத்தில் நாமே ஒரு பெயரைப் போட்டுவிடுகிறோம். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில், குரலை வைத்து ஆளை முடிவு செய்வது. பாடி நடித்த தியாகராஜ பாகவதர் பாடினால் சிவன் எழுதியது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று போகும் பட வரிசைக்கு இது அநேகமாகப் பொருந்திவிடுகிறது. அதனால்தான் பழக்கமாகிவிட்டது. அப்புறம் அதே பழக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பக்கம் போவோம். 1940இல் வந்த சகுந்தலைக்குச் சிவன் எழுதினார், ஆகவே 1945இல் வந்த மீராவுக்கும் அவரே என்று 'காற்றினிலே வரும் கீதம்' அவர் கணக்கில் ஏறிவிடும். அதை எழுதியவர் கல்கி, மெட்டு எஸ்.வி. வெங்கட்ராமன். இதில் சிக்கல் என்னவென்றால், மீராவில் சிவன் பாட்டும் உண்டு. ஆக, படத்தின் பெயரைப் பார்த்து மொத்தமாக ஒருவர் பெயரில் எழுதிவிட முடியாது. பாட்டுப் பாட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வம்பு, 'சிவன்' என்ற பெயர். 1890இல் போலகத்தில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ராமய்யா. பாபநாசத்தில் பஜனை பாடிக்கொண்டிருந்த நாளில் ஒட்டிக்கொண்டதுதான் 'பாபநாசம் சிவன்'. அவருக்கு முந்தைய தலைமுறையில் நீலகண்ட சிவன் என்று ஒருவர் இருந்தார். 'ஆனந்த நடமாடுவார்', 'என்றைக்கு சிவகிருபை', 'நவசித்தி பெற்றாலும்' எல்லாம் அவருடையவை. தட்டிலோ கச்சேரி நிகழ்ச்சி நிரலிலோ வெறுமனே 'சிவன்' என்று இருந்தால், நமக்குத் தெரிந்த சிவனுக்குத்தான் கை போகும். போதாக்குறைக்கு, சிறுவயதில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த நம்மவர் நீலகண்ட சிவன் பாடல்களில் ஊறியவர். நடையிலும் சாயல் தெரியும். (தமிழ்த் தியாகராஜர் என்ற பட்டம் வேறு இவருக்கு உண்டு. பாகவதர் பெயரிலும் 'தியாகராஜ' இருக்கிறது. தேடுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.)

சரி, முத்திரையை, அதாவது கவிஞர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்லை, பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். சிவனின் முத்திரை 'ராமதாசன்'. சரணத்தில் அந்தச் சொல் வந்தால் நல்ல தடயம். ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக அவருடையது இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. 'என்ன தவம் செய்தனை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரேழு புவனம் படைத்தவனைக் கையில் ஏந்திய யசோதை, உரலில் கட்டிப்போட்ட யசோதை, சனகாதி முனிவர் தவமிருந்து பெற்றதை எளிதில் பெற்ற யசோதை என்று சரணம் சரணமாகப் போகிறது. எதிலும் ராமதாசன் இல்லை. கண்ணன் பாட்டு, காபி ராகம், கூடவே யசோதை. உடனே கண்ணன் பாட்டுக்குப் பேர்போன ஊத்துக்காடு வேங்கடகவி என்று எழுதிவிடுகிறார்கள். அவருடைய 'தாயே யசோதா'வும் பலர் காதில் இருப்பதால் இரண்டும் குழம்பிப்போகின்றன. இந்தப் பாட்டு சிவனுடையதுதான். சாமியைப் பார்த்துக் கவிஞரை முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது தட்டுக்கு வருவோம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பாட்டு அதற்கு மேல் நீண்டால் இரண்டு பக்கத்துக்கும் பிரியும். அவற்றை இரண்டு பாட்டாக எண்ணிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும் பிழை. பக்கத்தைப் புரட்டி, சரணம் தொடர்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நேரத்துக்கு அடங்கவில்லை என்று ஒரு சரணத்தையே விட்டுவிட்டதும் உண்டு. ஆகவே தட்டில் உள்ளதுதான் முழுப் பாட்டு என்று எண்ண வேண்டாம். 1930களில் படப்பிடிப்பின்போதே நடிகர்கள் பாடினார்கள். தட்டுக்குத் தனியாகப் பாடிப் பதிவு செய்வார்கள். படத்தில் கேட்டதும் தட்டில் கேட்டதும் வெவ்வேறு பதிவாக இருக்கலாம். சொல்லும் கொஞ்சம் மாறலாம்.

அப்படியானால் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம்? என்னைக் கேட்டால் அதுதான் நல்ல ஆதாரம். அந்தக் காலப் படங்களில் பலவற்றுக்குப் பிரிண்டே மிஞ்சவில்லை, புத்தகம்தான் மிஞ்சியிருக்கிறது. கதைச் சுருக்கம், பாட்டு, தலைப்பில் ராகம், தாளம். சில இடங்களில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பாட்டின் பெயராக எடுத்துக்கொண்டு பட்டியலில் சேர்த்துவிடுவது புதிதாக வருகிறவர்கள் செய்வது. அடுத்த பிழை, புத்தகத்தில் இருப்பதெல்லாம் தட்டாக வந்தது என்று நினைப்பது. சில பாட்டு படத்திலேயே இருக்காது, வெட்டியிருப்பார்கள்.

வரிகளைக் காதால் கேட்டு எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். சிவனுக்கு வடசொல் சரளமாக வரும். சிவகவியில் 'வதனமே சந்திர பிம்பமோ, மலர்ந்த சரோஜமோ' என்று பாகவதர் இழுக்கிறார். கரகரவென்று ஓடும் தட்டில் 'ச' அமுங்கிப்போனால் மிஞ்சுவது ரோஜாதான். சரோஜம் என்றால் தாமரை. முகத்தை நிலவுக்கும் தாமரைக்கும் ஒப்பிடுவது நம் கவிதை மரபு. ரோஜா அங்கே வராது. சந்தேகம் வந்தால் எதுகையைப் பாருங்கள், பொருளைப் பாருங்கள், அகராதியைப் பாருங்கள். ஒலியை மட்டும் நம்பாதீர்கள்.

பாகவதர் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினார் என்று இணையத்தில் கிடைக்கும் பதிவை வைத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுற்றினால் போதும், சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஓட்டிய ஆள் வேகத்தைச் சரிபார்த்தாரா என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஆண்டு. பாட்டின் ஆண்டு, படம் வெளிவந்த ஆண்டு, உங்கள் கையில் உள்ள தட்டு அச்சான ஆண்டு, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நன்றாக விற்ற தட்டை மறுபடியும் அச்சடிப்பார்கள். விளம்பரத்தை வைத்து ஆண்டு சொல்வது அதைவிட மோசம். 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' இடம்பெற்ற ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. அடுத்த மாதமே பாகவதர் கைதாகிவிட்டார். படம் மட்டும் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. 1946ஆம் ஆண்டுப் பத்திரிகை விளம்பரம் எங்காவது கிடைத்தால் அந்த ஆண்டையே எழுதிவைத்துவிடாதீர்கள். அது படம் கண்ட மூன்றாவது தீபாவளி.