பிளஸ் டூவில் கணக்கு இல்லையா? பவுண்டேஷன் இயர் வழியாக கேம் டெவலப்மென்ட் படிக்கலாம்

காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள், கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பில் படித்தவர்கள், கணக்கு இருந்தும் மதிப்பெண்ணில் சறுக்கியவர்கள் எல்லாரும் கேம் டெவலப்மென்ட் படிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் 3 வருடப் பட்டப்படிப்புக்கு முன்னால் பவுண்டேஷன் இயர் என்று ஒரு வருடத்தைச் சேர்த்து நடத்துகின்றன. கணக்கு, அடிப்படை புரோகிராமிங், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது போன்றவற்றை அந்த வருடத்தில் சொல்லித் தருவார்கள். அதில் தேறினால்தான் முதலாம் ஆண்டு. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கமிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அந்த வருடம் உங்களுக்குத் தேவைதானா?

கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. நம் பிளஸ் டூவை வைத்தே நேராக முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. ஒரு வருடம் கூடினால் கல்விக் கட்டணம் கூடும், வாடகை கூடும், விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணத்திலும் 776 பவுண்டு கூடும். ஏஜென்ட் "பவுண்டேஷன்தான் சேஃப்" என்று சொன்னால், யாருக்கு சேஃப் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. அங்கே ஹானர்ஸ் பட்டமே 4 வருடம். டண்டீ நகரின் அபர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே கம்ப்யூட்டர் கேமுக்கென்று பட்டப்படிப்பு தொடங்கிய இடம். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 2: கோர்ஸின் உள்ளே என்ன இருக்கிறது?

கேம் புரோகிராமிங், கேம் ஆர்ட், கேம் டிசைன் மூன்றும் வேறு வேறு வேலை. முதலாவதில் சி பிளஸ் பிளஸ் என்ற புரோகிராமிங் மொழியும் கணக்கும், இரண்டாவதில் வரைதலும் முப்பரிமாண மாடலிங்கும், மூன்றாவதில் விதிகளும் லெவல்களும். தலைப்பை நம்பாமல் ஒவ்வொரு வருடத்துப் பாடப் பட்டியலையும் படியுங்கள்.

இன்னொன்று. சில பல்கலைக்கழகங்களில் பவுண்டேஷனோடு சேர்ந்த கோர்ஸ் உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டும்தான். நம்மைத் தனியாக ஒரு இன்டர்நேஷனல் பவுண்டேஷன் கல்லூரிக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே சேர்ந்தால், எந்த மதிப்பெண் எடுத்தால் எந்தப் பட்டப்படிப்பில் இடம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு குட்டி கேம் செய்யுங்கள்

என்னைக் கேட்டால் முழு விண்ணப்பத்திலும் முக்கியமான வேலை இதுதான். கணக்கு படிக்காத மாணவர் கணக்கோடு மல்லுக்கட்டத் தயார் என்பதற்கு மதிப்பெண் பட்டியலைவிட இது நல்ல சாட்சி.

கொடோ (Godot) என்ற கேம் எஞ்சினை, அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருளை, இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். சுமாரான லேப்டாப்பிலும் 2டி கேம் செய்ய ஓடும். யூனிட்டி, அன்ரியல் போன்ற மற்ற எஞ்சின்கள் எல்லாம் அப்புறம்.

எதைப் பற்றிக் கேம்? துப்பாக்கியும் ஜாம்பியும் வேண்டாம், அவை ஏராளமாக வந்துவிட்டன. நம் ஊரிலேயே ஒரு கேம் தயாராக இருக்கிறது: கல்லணை. வருகிற தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. ஆடுபவர் கையில் நான்கு ஷட்டர்கள்.

முதலில் திரையில் நான்கு வண்ணப் பெட்டிகள் வரையுங்கள், படம் எதுவும் வேண்டாம். முதல் மூன்று ஆற்றுக்கும் தலைமடையில் ஒரு வயல், கடைமடையில் ஒரு வயல். ஒவ்வொரு வயலுக்கும் 0 முதல் 100 வரை ஈரம் என்று ஓர் எண். ஒவ்வொரு சுற்றிலும் ஈரம் 10 குறையட்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ முதல் சுற்றாக வையுங்கள். ஷட்டரைத் திறந்தால் தலைமடை முதலில் நிறையும், மிஞ்சியதுதான் கடைமடைக்கு. 0-ஐத் தொட்டால் பயிர் காயும், 100-ஐத் தாண்டினால் அழுகும். ஐப்பசி வந்ததும் திடீரென வெள்ளம். அப்போது கொள்ளிடத்தைத் திறக்கத் தெரிந்தவர் பிழைப்பார். இவ்வளவுதான். கூட்டல், கழித்தல், இரண்டு மூன்று நிபந்தனைகள் போதும்.

ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அத்தையிடமோ கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே திணறுகிறார், எதை அழுத்தப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு மாற்றுங்கள். இந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வையுங்கள், படி 4-இல் வேண்டும். பிறகு கேம்களைப் பகிரும் இட்ச் (itch.io) தளத்தில் உங்கள் கேமை ஏற்றி, ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள்.

படி 4: விண்ணப்பம்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் (UCAS) தளத்தில் 5 இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். முன்பிருந்த நீளமான கட்டுரைக்குப் பதில் இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், உங்கள் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். கல்லணை கேம் மூன்றாவது பதிலில் வரட்டும். "சிறுவயது முதல் கேம் பிடிக்கும்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அத்தை எந்த இடத்தில் திணறினார், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள்.

படி 5: பணமும் தாள்களும்

பாஸ்போர்ட்டை பிளஸ் டூ படிக்கும்போதே எடுத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நமக்கு சகஜம், அங்கே புரியாது. எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

கல்விக்கடனில் பெரிய தொகைக்கு அடமானம் கேட்பார்கள். நஞ்சை நிலம் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். கடன் திரும்பாவிட்டால் சொத்தை எடுக்க வங்கிக்கு உதவும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, அதனால் பல வங்கிகள் அதை ஏற்கத் தயங்கும். வீடோ மனையோ கேட்பார்கள். முன்கூட்டியே விசாரியுங்கள்.

சேமிப்பைக் காட்டி விசா வாங்குவதென்றால் முதல் வருடக் கட்டணத்தில் பாக்கியும் 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கணக்கு உங்களுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கலாம். மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது. நெல் விற்ற பணம் வந்த மறுநாளே விண்ணப்பிக்கவும் முடியாது. அப்பா அம்மா கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள்.

காசநோய்ப் பரிசோதனையை அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் எடுக்க வேண்டும், அதற்குச் சென்னை போகலாம். அந்தச் சான்று 6 மாதம்தான் செல்லும், ரொம்ப சீக்கிரமாக எடுத்துவிடாதீர்கள்.