பூல் ஆட்டத்தில் குறி தவறினால் முதலில் தலையைப் பாருங்கள்

நேர் ஷாட், வெள்ளைப் பந்துக்கும் அடிபட வேண்டிய பந்துக்கும் இடையே ஒரு மீட்டர். பந்தை அடிக்கும் கோலான கியூ ஒரு டிகிரி பிசகினால், வெள்ளைப் பந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் 17 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். பூல் பந்தின் விட்டமே 57.15 மில்லிமீட்டர்தான். ஆகவே அடிபட்ட பந்து ஏறக்குறைய 18 டிகிரி கோணலாக ஓடும். கையைக் குறை சொல்லுமுன் தலை எங்கே இருந்தது என்று பாருங்கள்.

தலையை இடமும் வலமுமாக நகர்த்தினால், ஓரிடத்தில் மட்டும்தான் நேர்க்கோடு நேராகத் தெரியும். இதை விஷன் சென்டர் என்பார்கள். சிலருக்கு அப்போது கியூ மூக்குக்குக் கீழே இருக்கும், சிலருக்கு ஒரு கண்ணுக்குக் கீழே, பலருக்கு இரண்டுக்கும் நடுவில். வலுவான கண்ணுக்குக் கீழே கியூவை வையுங்கள் என்ற பொது அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துபவர்களும் உண்டு: ஸ்னூக்கரில் 15 முறை உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸுக்கு வலது கண்ணில் பார்வை குறைவு. அவர் இடது கண்ணுக்குக் கீழே கியூவை வைத்து ஆடினார்.

உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க மேசையே போதும். இரண்டு குட்டைப் பக்கங்களின் விளிம்பிலும் நடு டைமண்ட் (விளிம்பில் பதித்த அடையாளப் புள்ளி) இருக்கிறது. அவற்றை இணைக்கும் கோட்டில், நீளப் பக்கத்தில் உங்கள் முனையிலிருந்து இரண்டாவது டைமண்டுக்கு நேராக வெள்ளைப் பந்தை வையுங்கள். கியூ அருகிலுள்ள நடுப் புள்ளிக்கு மேலாக, பந்தின் மையத்தை நோக்கி இருக்கட்டும். குனிந்து, கியூவை அசைக்காமல் தலையை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். கியூ, பந்து, எதிர்ப் புள்ளி மூன்றும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிறுத்தி, கியூ தாடையின் எந்தப் பகுதிக்குக் கீழே இருக்கிறது என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு மிதமாக அடியுங்கள். பந்து எதிர்ப் புள்ளியைத் தொட்டு, திரும்பும்போது வலப்பக்கம் ஒதுங்கினால், டிப் (கியூவின் நுனி) பந்தின் மையத்துக்கு வலமாகப் பட்டிருக்கிறது. தலை இடம் மாறியிருந்தால் மையம் என்று நீங்கள் நம்பும் இடமே மாறிவிடும். இந்தப் பிழை வருவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

இனி நிற்கும் விதம். நின்றபடியே குறியை முடிவு செய்யுங்கள். குனிந்தபின் திருத்துவதுதான் கெடுதல். ஓரடி பின்னால், தலை குறிக்கோட்டுக்கு மேலே இருக்கும்படி நில்லுங்கள். வலக்கைக்காரர் வலது பாதத்தைக் கோட்டின் மேல் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்து, இடது காலைத் தோள் அகலத்துக்கு விலக்கி முன்னே வைக்கலாம். இடுப்பிலிருந்து மடங்குங்கள்; தலை கோட்டை விட்டு விலகாமல் நேராக இறங்கட்டும். பக்கவாட்டில் நின்று தலையை உள்ளே நுழைப்பவர்களுக்கு இடுப்பு கியூவை மறிக்கும், முழங்கை வெளியே தள்ளும், அடி வளையும்.

எவ்வளவு தாழ்வது என்பது உங்கள் முதுகைப் பொறுத்தது. தாடை கியூவைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே உயரம், ஒரே சாய்வு வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் தாழும்போது பார்வை மேல் விளிம்பில் முட்டும். அவர்கள் சற்று உயர்ந்து நிற்பதே நல்லது.

சரிபார்க்க, குறி வைத்துக் குனிந்ததும் கண்ணை மூடி அடியுங்கள். திறந்த கண்ணோடு தவறும் ஷாட் மூடிய கண்ணோடு விழுந்தால், குறி சரியாகவே இருந்திருக்கிறது, கடைசி நொடியில் கை அதைத் திருத்திக் கெடுத்திருக்கிறது. இரண்டிலும் ஒரே பக்கம் தவறினால் தலையின் இடத்தை மறுபடி தேடுங்கள்.