சொந்தப் பாட்டை இணையத்தில் வெளியிடுவது எப்படி?

மெட்டுப் போட்டு, பதிவும் முடித்துவிட்டீர்கள். அடுத்து அதை வெளியிட வேண்டும். யூடியூப், சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் தளங்களில் நீங்களே நேரடியாக ஏற்றலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். எந்த வழியானாலும் ஏற்றுவது சில நிமிட வேலைதான். அதற்கு முந்தைய வேலைகளில் அவசரம் வேண்டாம். அங்கே விட்டதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

படி 1: யாருக்கு என்ன உரிமை?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடி வாசித்த ஒலிப்பதிவு இன்னொன்று. வரிகளை நண்பர் எழுதியிருந்தால் படைப்பில் அவருக்கும் பங்கு இருக்கிறது. நட்புக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் பணம் வரும் முன்பே பேசிவிடுவதுதான் நட்புக்கு நல்லது. பெரிய ஒப்பந்தமெல்லாம் தொடக்கத்தில் தேவையில்லை. இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சம்மதம்' என்று பதில் வாங்கி வைத்தால்கூடப் போதும்:

"மெட்டு என்னுடையது, வரிகள் உன்னுடையவை. படைப்பில் ஆளுக்குப் பாதி. ஒலிப்பதிவு என்னுடையது. எங்கே வெளியிட்டாலும் இருவர் பெயரும் வரும்."

இணையத்தில் உரிமம் வாங்கிய பீட்டின் (வேறொருவர் செய்துவைத்த பின்னணி இசை) மேல் பாடியிருக்கிறீர்களா? உரிமத்தை வரி விடாமல் படியுங்கள். அதே பீட்டைப் பலருக்கும் கொடுத்திருந்தால், யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பதிவான ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) உங்கள் பாட்டைப் பதிவு செய்யக் கூடாது. செய்தால் மற்றவர்களின் காணொளிகள்மேல் தவறான உரிமைக் கோரிக்கை போய் விழும்.

படி 2: கோப்பு

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக எடுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். எம்பி3யை வேவாக மாற்றினால் இழந்த ஒலி திரும்ப வராது. சத்தத்தை முட்டி மோதி ஏற்றவும் தேவையில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளைச் சுமார் −14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்தே ஒலிக்கவிடுகிறது. உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

அப்புறம், ஏற்றப் போகும் அதே கோப்பை ஹெட்ஃபோனில் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். கடைசிச் சுரத்தின் எதிரொலி அடங்கும் முன்பே பாட்டு வெட்டுப்பட்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

படி 3: விவரங்கள்

கலைஞர் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஓர் இனிஷியல் கூடினாலோ குறைந்தாலோ பாட்டு வேறொரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அட்டைப்படம் சதுரமாக, 3000 × 3000 பிக்சலில் இருக்கட்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. பெரும்பாலும் விநியோக நிறுவனமே கொடுத்துவிடும். அதைக் குறித்து வையுங்கள். நாளை நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

படி 4: எங்கே?

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் கணக்காகும். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுக்கும். ஒருவர் வாங்கினாலும் உங்களுக்குப் பணம் வரும். ரசிகர்கள் கொஞ்சம் பேர்தான் என்றால் பேண்ட்கேம்ப்பை விட்டுவிடாதீர்கள் என்பேன். விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி முக்கியம்: ஆண்டுச் சந்தாவை நிறுத்தினால் பாட்டு தளங்களில் இருக்குமா, இறங்கிவிடுமா?

படி 5: தேதி

மூன்று, நான்கு வாரம் தள்ளி வெளியீட்டுத் தேதி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறைந்தது 7 நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். அதில் வாத்தியங்கள், மனநிலை, பாட்டு பிறந்த கதை எல்லாவற்றையும் நேராகச் சொல்லுங்கள்.

வெளியான அன்றே ஒவ்வொரு தளத்திலும் தேடிப் பார்த்து, பெயர்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கொடுத்தால் இத்தனை ஆயிரம் பேர் கேட்பார்கள் என்று உறுதி சொல்லி வரும் அழைப்புகளுக்குப் பதிலே போட வேண்டாம். அந்தக் கேட்புகள் பெரும்பாலும் பாட்களின் (ஆட்களைப் போல நடிக்கும் தானியங்கி நிரல்கள்) வேலை. மாட்டினால் இறங்குவது உங்கள் பாட்டுதான்.