லாக் கோப்பில் கை வைக்கும் முன்: சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் இப்போது நிறைய. ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தருவதற்கு ஒன்று, பள்ளிக்கூடத்து வருகைப்பதிவுக்கு ஒன்று, அல்வாக் கடையின் ஆன்லைன் ஆர்டருக்கு ஒன்று. மாத வாடகைக்கு எடுத்த சிறிய விபிஎஸ்ஸாக (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் சர்வராக) இருக்கும். இல்லையென்றால் ஆபீஸ் மூலையில் யூபிஎஸ் பக்கத்தில் நிற்கும் பழைய கம்ப்யூட்டராக இருக்கும். உபுண்டு, டெபியன் என்று ஏதாவதொரு லினக்ஸ் போட்டு, தளத்தைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் போட்டு, அப்ளிகேஷனை ஏற்றி, தளம் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சர்வரில் நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும் லாக்கைப் பற்றிய நினைப்பு டிஸ்க் நிறைந்த அன்றைக்குத்தான் வருகிறது.

அப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த லாக் கோப்பு இப்போது யார் கையில் இருக்கிறது? எந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் புரோகிராம், அதைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கிறது? கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதைக் கேட்காமல் கோப்பில் கை வைத்ததால் வருபவை.

எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அழிப்பது

"அண்ணாச்சி, டிஸ்க் நூறு சதவீதம்னு காட்டுது. லாக் எல்லாத்தையும் அழிச்சுட்டேன், அப்பவும் எடம் காலியாவ மாட்டேங்கு." இந்தப் பேச்சைக் கேட்காத சர்வர்காரர் யாரும் இருக்க முடியாது.

லினக்ஸில் ஆர்எம் கட்டளை எடுப்பது கோப்பின் பெயரைத்தான். ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, பெயர் போனாலும் உள்ளே இருக்கும் பைட்டுகள் டிஸ்கிலேயே கிடக்கும். என்ஜின்எக்ஸுக்குப் பெயர் போனதே தெரியாது. அது பாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும், இடமும் குறைந்துகொண்டே போகும். டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, டியு கட்டளை கூட்டிப் பார்த்தால் பாதிகூட இல்லை என்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை "பிளஸ் எல் 1" என்று போட்டு ஓட்டினால், பெயர் போன பிறகும் எவன் கையில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்ப வரும்.

அவசரத்துக்கு இடம் வேண்டுமானால் கோப்பை அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள். ட்ரங்கேட் கட்டளையில் அளவை 0 என்று கொடுத்தால் கோப்பு அதே இடத்தில் இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் போகும். அதற்கும் முன்னால், கடைசி ஆயிரம் வரியையாவது டெயில் கட்டளை போட்டு வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். டிஸ்க் ஏன் நிறைந்தது என்ற பதில் அந்த வரிகளில்தான் இருக்கும்.

இதே அவசரத்தில் நடக்கும் இன்னொன்று இதைவிடப் பயங்கரம். டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் போய், பெரிதாக இருப்பதெல்லாம் லாக் என்று நினைத்து அழிப்பது. போஸ்ட்கிரெஸ்ஸின் 'பிஜி வால்' ஃபோல்டரில் இருப்பவை டேட்டாபேஸ் கரன்ட் போய் எழும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான கோப்புகள். அவற்றை அழித்தால் டேட்டாபேஸ் எழும்பாமலே போகலாம். முன்பு அந்த ஃபோல்டருக்கு 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயர். லாக் என்று எண்ணி ஆட்கள் அழித்துவிடுகிறார்கள் என்பதற்காகவே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை மாற்றினார்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக்கும் கையால் அழிக்கக் கூடாதது. அதற்கென்று 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' என்ற கட்டளை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே இருக்கிறது. 8.0 பதிப்பில் 30 நாள் கழிந்தவற்றை அதுவே நீக்கிக்கொள்ளும். டிஸ்க் சிறியது என்றால் அந்த நாள் கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெயரை மாற்றிவிட்டு, எழுதுகிறவனிடம் சொல்லாமல் விடுவது

லாக் கோப்புகளைக் குறித்த காலத்தில் சுழற்றிவிடும் லினக்ஸ் புரோகிராம் லாக்ரொட்டேட். அது செய்யும் வேலை எளிமையானது. 'ஆக்சஸ் லாக்' என்ற கோப்பின் பெயரோடு .1 சேர்த்துத் தள்ளிவைக்கும், பழைய .1 இப்போது .2 ஆகும், எண்ணிக்கை மீறிய கடைசிக் கோப்பு நீக்கப்படும். பெயர் மாறினாலும் என்ஜின்எக்ஸ் பிடித்திருப்பது பழைய கோப்பைத்தான். ஆகவே "புதுக் கோப்பைத் திற" என்று அதற்கு ஒரு சிக்னல் போக வேண்டும். லாக்ரொட்டேட்டின் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) போஸ்ட்ரொட்டேட் என்ற பகுதி அதற்குத்தான். என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல், சிஸ்டத்தின் லாக்கை எழுதும் ஆர்சிஸ்லாகுக்கு ஹெச்யூபி. டிஸ்ட்ரோவோடு (உபுண்டு, டெபியன் போன்றவற்றோடு) வரும் கான்ஃபிக்குகளில் இது சரியாகவே இருக்கும். கெட்டுப்போவது நாம் நம் அப்ளிகேஷனுக்காக இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் கான்ஃபிக்கில்தான். புதுக் கோப்பு சுழியம் பைட்டில் நிற்க, .1 கோப்பு வளர்ந்துகொண்டே போனால், எழுதுகிறவனுக்குச் செய்தி போகவில்லை என்று அர்த்தம்.

பழைய கோப்பைச் சுருக்கும் கம்ப்ரஸ் போடும்போது, சுருக்குவதை ஒரு சுற்றுத் தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸையும் சேர்த்துப் போடச் சொல்வது இதனால்தான். சிக்னல் போன பிறகும் ப்ராசஸ் கொஞ்ச நேரம் .1 கோப்பில் மிச்சத்தை எழுதலாம், அதற்குள் அதைச் சுருக்கிவிடக் கூடாது.

சிக்னலைப் புரிந்துகொள்ளாத அப்ளிகேஷன்களும் உண்டு. அவற்றுக்குக் காப்பிட்ரங்கேட் என்று ஒரு வழி இருக்கிறது: கோப்பை நகலெடுத்துவிட்டு மூலக் கோப்பைக் காலி செய்யும். வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நகலெடுத்து முடிவதற்கும் காலி செய்வதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் காணாமல் போகும். அப்ளிகேஷன் கோப்பை அப்பெண்ட் முறையில் (கடைசியில் சேர்த்து எழுதும் முறையில்) திறக்கவில்லையென்றால் இன்னொரு குழப்பமும் வரும். காலி செய்த பிறகும் அது பழைய இடத்திலிருந்தே எழுதும். எல்எஸ் கட்டளையில் பார்த்தால் 2 ஜிபி, டியுவில் பார்த்தால் சில கேபி, திறந்தால் தொடக்கத்தில் வெற்றுப் பைட்டுகள். பைத்தான் தானே லாக்கைச் சுழற்றும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரை, ஒரே அப்ளிகேஷனின் பல வொர்க்கர்கள் (ப்ராசஸ்கள்) ஒரே கோப்பில் பயன்படுத்துவதும் இந்த ரகம்தான்: ஒரு வொர்க்கர் பெயரை மாற்றும்போது மற்றவர்கள் பழையதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அளவை வைத்துவிட்டு, அளந்து பார்க்கும் நேரத்தை மறப்பது

ஒரு கணக்கு. வங்கிப் பக்கத்து இணைப்பு அறுந்துவிட்டது, அப்ளிகேஷன் நொடிக்குப் பத்து முறை முயன்று, ஒவ்வொரு தோல்விக்கும் 4 கேபி அளவுக்குப் பிழைச் செய்தி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 கேபி. ஒரு நாளில் சுமார் 3.4 ஜிபி. 25 ஜிபி டிஸ்க் உள்ள விபிஎஸ்ஸில், மற்றதெல்லாம் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நம் மாவட்டத்தில் கரன்டும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் போயின. அப்படியான நாட்களில்தான் அப்ளிகேஷன்கள் இப்படி எழுதித் தள்ளும். சர்வரைப் போய்ப் பார்க்க முடியாத நாளும் அதுதான்.

பலர் லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில் மேக்ஸ்சைஸ் 100 எம்பி என்று போட்டுவிட்டு, இனிக் கோப்பு அதற்கு மேல் போகாது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். லாக்ரொட்டேட் எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் புரோகிராம் இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு டைமர் அதை நாளுக்கு ஒருமுறை எழுப்பும். எழுந்தால்தான் அது அளவைப் பார்க்கும். நம் ஊர்க் குளத்துக்கு மறுகால் எந்த மட்டத்தில் என்பதை வெயில்காலத்து நீரை வைத்தா தீர்மானிக்கிறார்கள்? ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையை வைத்துத்தானே! லாக்குக்கும் அந்தக் கணக்கையே வையுங்கள். நிறைய எழுதும் அப்ளிகேஷன் என்றால் டைமரை மணிக்கொருமுறை ஓடும்படி மாற்றுங்கள். முடிந்தால் லாக் ஃபோல்டருக்கென்று தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள். அது நிறைந்தாலும் டேட்டாபேஸுக்கு இடம் இருக்கும்.

சைஸ், மேக்ஸ்சைஸ் இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். சைஸ் போட்டால் தினசரி, வாராந்திரக் கணக்கு எதுவும் பார்க்கப்படாது, அளவு மட்டும்தான். மேக்ஸ்சைஸ் போட்டால் இரண்டும் பார்க்கப்படும், எது முதலில் வருகிறதோ அது.

இரவில் சர்வரையே அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸ்கள் நம் பக்கம் உண்டு. அங்கே நள்ளிரவு 12 மணிக்கென்று கையால் எழுதிய கிரான் வரி (நேரம் குறித்துக் கட்டளையை ஓட்டும் வரி) ஒருநாளும் ஓடாது. லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதை இயக்கி வைத்திருந்தால், தவறவிட்டதைக் காலையில் மெஷின் எழுந்ததும் ஓட்டிவிடும்.

லாக்ரொட்டேட் மட்டும்தான் என்று நினைப்பது

லாக்குகள் வழக்கமாக இருக்கும் 'வார் லாக்' ஃபோல்டர் சுத்தமாக இருக்கும், டிஸ்க் நிறைந்திருக்கும். அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். டாக்கரின் வழக்கமான ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு, நாமாகச் சொல்லாதவரை எல்லையே கிடையாது. கன்டெய்னர் பேசுவதையெல்லாம் 'வார் லிப் டாக்கர்' ஃபோல்டருக்குள் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன் ஜேசனில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று கொடுங்கள், எண்ணாக இருந்தாலும் மேற்கோள் குறிக்குள். கொடுத்துவிட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது. ஏற்கனவே இருக்கும் கன்டெய்னர்கள் பழைய ஏற்பாட்டிலேயே ஓடும். அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்கினால்தான் எல்லை வரும். இதைத் தவறவிடுகிறவர்கள் மிக அதிகம். அதற்குப் பதில் 'லோக்கல்' டிரைவரைப் போட்டுவிட்டால் 20 எம்பி கோப்புகள் ஐந்து என்ற எல்லை அதிலேயே உண்டு, சுருக்கியும் வைக்கும்.

சிஸ்டம்டியோடு வரும் லாக் சேகரிப்பான் ஜர்னல்டி இன்னொரு பக்கம். டெபியன் 12இல் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை, ஜர்னல் மட்டும்தான். அது டிஸ்கில் பத்து சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். சிறிய டிஸ்குக்கு 500 எம்பி என்று கான்ஃபிக்கில் கட்டிவையுங்கள். 'வார் லாக் ஜர்னல்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் அது இல்லையென்றால் ஜர்னல் மெமரியில் மட்டும் இருக்கும், கரன்ட் போனால் சேர்ந்து போய்விடும்.

சில்லறைத் தவறுகள்

லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில், ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புக்கும் என்று வெறும் நட்சத்திரக்குறி போட்டால், தள்ளிவைத்த .1 கோப்பையும் அது மறுபடி தள்ளும். .1.1.1 என்று வால் நீளும். புள்ளி லாக் என்று முடிவதை மட்டும் சொல்லுங்கள். கான்ஃபிக்கின் நகலை 'என்ஜின்எக்ஸ்-காப்பி' என்ற பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தால் ஒரே லாக் இருமுறை வருகிறது என்று பிழை வரும். கான்ஃபிக் கோப்பு ரூட் (நிர்வாகி) பெயரில் இல்லாவிட்டாலோ மற்றவர்கள் எழுதும்படி இருந்தாலோ லாக்ரொட்டேட் அதைக் கண்டுகொள்ளாது. லாக் ஃபோல்டரில் குரூப்புக்கு எழுதும் உரிமை இருந்தால் எந்தப் பயனர் பெயரில் சுழற்றுவது என்று சொல்லும் எஸ்யூ வரி இல்லாமல் சுழற்றாது. கிரியேட் வரியில் உரிமையாளரைத் தவறாகப் போட்டால் புதுக் கோப்பில் அப்ளிகேஷனால் எழுதவே முடியாது.

எத்தனை நாள், யார் பார்க்க

ஏழு நாள் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது வழக்கமாகிவிட்டது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சேவை தருவோரும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாக்குதல் போன்ற சம்பவம் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். தினசரி சுழற்சிக்கு 180 என்று போட்டால் டிஸ்க் தாங்குமா என்ற பயம் வேண்டாம். எழுத்தாக உள்ள லாக் ஜிஜிப் சுருக்கத்தில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். பழையவற்றை வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிடுங்கள், முடிந்தால் வேறு ஊரில் இருப்பதற்கு. ஜங்ஷனில் தரைத்தளத்தில் சர்வரும் அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்கும் இருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீண்ட நாள் வைக்கிறோம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஓடிபி, பாஸ்வேர்ட், ஆதார் எண், நோயாளியின் போன் நம்பர் எல்லாம் டீபக் லாக்கில் (பிழை தேட எழுதும் லாக்கில்) அப்படியே கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நம்பி வந்து கொடுத்தவர்களின் விவரம் அது. அப்ளிகேஷன் எழுதும்போதே மறைத்துவிட வேண்டும். சுழற்றிச் சுருக்கி நான்கு இடத்தில் நகல் போன பிறகு அதைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது.

ஓட்டிப் பார்க்காமல் விடுவது

கான்ஃபிக் எழுதியதும் லாக்ரொட்டேட்டை ஹைஃபன் டி போட்டு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். புதிதாகச் சேர்த்த லாக் முதல் முறை சுழலாமல் இருந்தால் பதற வேண்டாம். முதல் முறை அது தேதியை ஸ்டேட்டஸ் கோப்பில் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும், அடுத்த முறைதான் சுழற்றும். காத்திருக்க முடியாதென்றால் ஹைஃபன் எஃப் போட்டு வலிந்து ஓட்டலாம். ஓட்டிய பிறகு மூன்றைப் பாருங்கள்: புதுக் கோப்பு பிறந்திருக்கிறதா, தளத்தை ஒருமுறை திறந்தால் அந்தப் புதுக் கோப்பில் வரி ஏறுகிறதா, எல்எஸ்ஓஎஃப்பில் பெயர் போன கோப்பு எதுவும் தொங்காமல் இருக்கிறதா. கூடவே சர்வரின் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். விபிஎஸ்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். அதன் நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை மணி. இன்று விடியற்காலை நான்கு மணிக்கு நடந்ததை இன்றைய கோப்பில் தேடினால் கிடைக்காது, அது நேற்றைய கோப்பில்தான் இருக்கும்.